அரை மூட்டை மல்லாட்டை

என் அண்ணன் அடுப்பு மூட்டுவதை நிறுத்திவிட்டார் என்ற செய்தி, திண்டிவனத்திலிருந்து வந்த ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் மூலமாக எனக்கு எட்டியது. சித்தப்பா எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவர். காபி ஆறிப்போகும் வரையில் பீடிகை போட்டுவிட்டு, "உங்க அண்ணன் ரிஷியா ஆயிட்டார் தம்பி. எல்லாம் பச்சையாத்தான் சாப்பிடறார். கடலை, தேங்காய், பழம், அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அண்ணி காலமாகி அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது.

எனக்கும் அண்ணனுக்கும் பதினாறு வயசு வித்தியாசம். நடுவில் மூன்று சகோதரிகள். நான் கல்லூரியில் படித்த இரண்டு வருஷமும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சம்பளம் வருகிற தேதியை நாங்கள் எல்லோரும் பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்லுவோம். அந்தச் சம்பளத்திலும் அண்ணி எனக்கென்று ஒரு கரண்டி நெய் அதிகமாக ஊற்றுவாள். இன்று நான் நாலு பேர் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதுகிறேன் என்றால், அதில் அந்த நெய்யும் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டுப் போனேன். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து ஊறவைத்த கடலையை ஒவ்வொன்றாக மென்றுகொண்டிருந்தார். பூஜை செய்கிறவர் முகத்தில் இருக்கிற ஒரு தீவிரம். என்னைக் கண்டதும் ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். நெருப்புப் பட்டதும் உணவு செத்துப்போகிறதாம். மிருகங்களில் எதுவும் சமைப்பதில்லையாம். மகாத்மா காந்தியே பரீட்சை செய்து பார்த்தாராம்.

செய்து பார்த்தது உண்மைதான். ஆனால் பரீட்சையின் முடிவை அண்ணன் சொல்லவில்லை. 1929-ல் காந்தி, தோழர்கள் சிலருடன், முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், தேங்காய் என்று சமைக்காத உணவிலேயே சில மாதம் இருந்தார். கடைசியில் வயிற்றுக் கடுப்பு வந்து பரீட்சையைக் கைவிட்டார். அதற்கும் முன்னால், 1918-ல் கேடா ஜில்லாவில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கக் கிராமம் கிராமமாக நடந்தபோது, நிலக்கடலையை அரைத்த வெண்ணெயும் எலுமிச்சம் பழமுந்தான் அவருக்குப் பிரதான ஆகாரம். அதில் அளவு மீறியதால் சீதபேதி கண்டதென்று அவரே ஒளிவு மறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். அண்ணன் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அது அவர் வயிறு, தம்பி" என்றார்.

தமிழ் வாத்தியாரிடம் வாதம் செய்து ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதலாம்.

உள்ளே போய்ச் சமையலறையைப் பார்த்தேன். அடுப்பு துடைத்துச் சுத்தமாக இருந்தது. அண்ணியின் கரண்டிகள் அதே ஆணிகளில் தொங்கின. பிரிஜ்ஜைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு கண்ணாடிப் பாட்டில். அவள் கடைசியாகப் போட்ட எலுமிச்சங்காய் ஊறுகாய். அதை அவர் சாப்பிடுவதும் இல்லை, எடுத்து எறிவதும் இல்லை என்பதைப் பாட்டிலின் மூடியே சொல்லிற்று. நான் கதவைச் சாத்திவிட்டேன்.

அலமாரியில் மளிகைக் கடைப் பொட்டலங்கள் இருந்தன. கால் கிலோ பாதாம், நூறு கிராம் முந்திரி, கொஞ்சம் அக்ரூட். பாதாம் ஒரு கிலோ வாங்குகிற காசில் நிலக்கடலை ஐந்து கிலோவுக்குக் குறையாமல் வாங்கலாம். அண்ணன் நாளொன்றுக்குச் சராசரி நூற்றைம்பது கிராம் கொட்டை வகை சாப்பிடுவதாகச் சொன்னார். பாதாமாகவே சாப்பிட்டால் மாதத்துக்கு நாலரைக் கிலோ ஆயிற்று. பென்ஷனில் மருந்துக்கும் மின்சாரத்துக்கும் போக என்ன மிச்சமிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். கணக்கு வரவில்லை. அவர் கழுத்தெலும்பைப் பார்த்தபோது, அவரும் கணக்குப் போட்டுத்தான் பாதாமை எண்ணி எண்ணிச் சாப்பிடுகிறார் என்று தெரிந்தது.

"நான் மாசம் கொஞ்சம் அனுப்பறேன் அண்ணே" என்றேன்.

"நான் உனக்கு அனுப்பின காலத்திலே நீ திருப்பிக் கொடுத்தியா? அந்த மாதிரி நானும் திருப்பிக் கொடுக்க முடியாது. வேண்டாம்" என்றார்.

இதில் தர்க்கம் எங்கே இருக்கிறது என்று இன்று வரைக்கும் தேடுகிறேன். ஆக, எனக்குக் கிடைத்த வேலை இதுதான்: அவர் பென்ஷனுக்குள் அடங்குகிற விலையில் பச்சைக் கொட்டைகள் தேடிக் கொடுப்பது. அவர் காசு, என் கால்கள்.

இந்த வேலையில் இறங்கிய பிறகுதான், பச்சை என்று நாம் நம்புகிற பல சாமான்கள் பச்சையே அல்ல என்று தெரிந்தது. முந்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வெள்ளை வெளேரென்று இருப்பதைப் பார்த்து, இது நெருப்பையே பார்த்திராது என்று நினைக்கிறோம். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரித் தொழில் நடக்கிற ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் தோல் வெந்து கொப்புளித்துவிடும். அதனால் கொட்டையை ஆவியில் வேகவைத்தோ வறுத்தோதான் உடைக்கிறார்கள். பிறகு உலர்த்திச் சூடு காட்டி, பருப்பின் மேல் தோலை உரிக்கிறார்கள். சாம்பலும் எண்ணெயும் தடவிய விரல்களோடு நாளெல்லாம் கொட்டை உடைக்கிற பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு முந்திரிப் பக்கோடா அவ்வளவு சுலபமாகத் தொண்டையில் இறங்காது. இந்தச் சமாசாரத்தைச் சொன்னதும் அண்ணன் முந்திரியை ஜாதிப் பிரஷ்டம் செய்துவிட்டார். செலவில் ஒரு பங்கு குறைந்தது. பொட்டுக்கடலை அக்கினிப் பிரவேசம் செய்தது என்பது அவருக்கே தெரியும்.

பாக்கி நின்றது நிலக்கடலையும் தேங்காயும்.

நிலக்கடலைக்கு நம்மவர்கள் வைத்திருக்கிற பெயர்கள் ஒரு நாடாளுகிற ராஜாவுக்குக்கூடக் கிடையாது. வேர்க்கடலை, கடலைக்காய், மணிலாக்கொட்டை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை. தென் அமெரிக்காவில் பிறந்த செடி அது. கடல் தாண்டி வந்தும் தென்னாற்காட்டுச் செம்மண்ணை ஊர்க்காரனைப்போலப் பற்றிக்கொண்டது. திண்டிவனத்துக்கும் அதற்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. அங்கே உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பொறுக்கியெடுத்த ரகங்களுக்குத்தான் டி.எம்.வி. என்று பெயர். அந்த மூன்றெழுத்தும் ஊர்ப் பெயரின் சுருக்கமே. டி.எம்.வி. 2 என்பது 1940-ல் வெளிவந்து, தமிழ்நாட்டைத் தாண்டியும் பரவிய ரகம். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு அண்ணன் வெளியூர்ப் பாதாமை எண்ணித் தின்கிறாரே என்று எனக்கு ரோஷம்.

ரோஷம் வந்தவன் யோசிப்பதில்லை. அந்த ஐப்பசியில் சென்னையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில், உரித்த பருப்பாக முப்பது கிலோ வாங்கினேன். சில்லறை விலையை விடக் கணிசமாகக் குறைவு. "புதுச் சரக்கு சார், நேத்துதான் வந்தது" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. புதுச் சரக்குதான்; அதுவே கோளாறு. ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலை வடகிழக்கு மழையில் அறுவடைக்கு வருகிறது. இந்தக் கொத்துக்கடலை ரகங்களுக்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய காய் ஈர மண்ணில் நாலு நாள் அதிகமாகக் கிடந்தால் செடியிலேயே முளைத்துவிடும். பிடுங்கிப் போட்டாலோ காய வெயில் இல்லை. போதாக்குறைக்கு, இயந்திரத்தில் உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கவும் எடை கூடவும் காயின் மேல் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. இதொன்றும் தெரியாத நான், அந்தப் பருப்பை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, காற்றுப் போகாமல் மூடி, இரண்டு வேப்பங்கொத்தையும் உள்ளே போட்டு, பெரிய காரியம் செய்துவிட்ட பெருமையுடன் ஊர் திரும்பினேன். வேப்பிலை வண்டைத்தான் கொஞ்சம் விரட்டும். உள்ளே இருக்கிற ஈரத்தை அது என்ன செய்யும்?

மார்கழியில் மறுபடி போனபோது வீட்டுக்குள் நுழையும்போதே ஒரு வாடை. பழைய செருப்பும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி. அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு சின்னக் கத்தியால் கடலையின் கறுத்த முனைகளைச் செதுக்கிச் செதுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே இது?"

"கொஞ்சம் கசக்குது. ஊறினா சரியாப்போகுது. காசு கொடுத்து வாங்கினதை எறிய முடியுமா?" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "நீ தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்தது" என்றும் சொன்னார்.

டிரம்மைத் திறந்தேன். மேலே இருந்ததெல்லாம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு. அடியில் மஞ்சளும் பச்சையுமாகப் பூசணம் பிடித்துக் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் லட்சத்துக்கு மேல் திடீர் திடீரென்று செத்து விழுந்தன. என்ன வியாதி என்று புரியாமல் முதலில் அதற்கு 'எக்ஸ் வியாதி' என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில், தீவனத்தில் சேர்த்த பிரேஜில் தேசத்து நிலக்கடலைப் பிண்ணாக்கில் வந்து முடிந்தது துப்பு. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் அதில் ஒரு விஷத்தைக் கக்கியிருந்தது. அந்தப் பூசணத்தின் பெயரிலிருந்தே எழுத்துக்களைப் பிடுங்கி அஃப்ளடாக்ஸின் என்று விஷத்துக்குப் பெயரிட்டார்கள். ஈரலைத்தான் அது முதலில் பிடிக்கும். நாள்பட்டால் புற்றுநோய்க்கும் காரணமாகும். வறுத்தாலும் முழுக்கப் போகாது. ஊறவைத்தால் சரியாகிவிடும் என்பது அண்ணனுடைய சொந்த மருத்துவ சாஸ்திரம்.

நான் எப்போதோ படித்த இந்தச் சங்கதி அன்றைக்கு மார்பில் வந்து முட்டியது. கிண்ணத்தைப் பிடுங்கி முற்றத்தில் வீசினேன். அண்ணன் எதிரில் குரலை உயர்த்திப் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் ஒன்றும் சொல்லாமல், விழுந்த கடலைகளைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பால்காரம்மா எட்டிப் பார்த்து, "வீணாத்தான் போடப்போறீங்க, எங்க மாட்டுக்குக் கொடுங்களேன்" என்றாள். மாடு தின்றால் விஷம் பாலில் வருமென்று விளக்கினேன். "கொடுக்க மனசில்லேன்னா சொல்லிடறதுதானே?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். கொல்லையில் இடுப்பளவு குழி வெட்டி முப்பது கிலோவில் மிச்சமிருந்ததை எல்லாம் புதைத்தேன். எழுத்தாளன் கை, இரண்டு நாள் பேனா பிடிக்கவில்லை.

மறுநாள் அண்ணனை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். ரத்தப் பரிசோதனையில் ஈரலுக்குக் கெடுதல் ஒன்றும் தெரியவில்லை என்று அவர் சொன்னபோது, நான் காசு கொடுக்க மறந்து எழுந்துவிட்டேன். ஆனால் அவர் வேறொன்று சொன்னார். பாலும் மோரும் விட்டுவிட்ட இந்தச் சாப்பாட்டில் பி12 என்ற வைட்டமின் கிடையாதாம். கொட்டை, பழம், கீரை எதிலும் அது கிடைக்காதாம். ஒன்று மோர் குடியுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை சாப்பிடுங்கள் என்றார். அண்ணன் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார். மாத்திரை சமைக்கப்பட்டதா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு கடலை வாங்குகிற விஷயத்தில் எனக்குப் புத்தி வந்தது. அண்ணனிடம் படித்த ஒருவர், ஊரிலிருந்து ஏழெட்டு மைலில் கிணற்றுப் பாசனத்தில் மல்லாட்டை போடுகிறார். மார்கழி, தையில் விதைத்துப் பங்குனி, சித்திரையில் பிடுங்குகிற பயிர். அறுவடை கோடையில். மழை பயமில்லை. "வாத்தியாருக்கா? எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். வாத்தியார் அப்படி எடுத்துக்கொள்ளமாட்டார் என்று சொல்லி, விற்பனைக் கூடத்தில் அன்று என்ன விலை போயிற்றோ அதையே கொடுப்பதென்று ஏற்பாடு. அவருக்கு வண்டிக் கூலி மிச்சம். எங்களுக்குத் தரகும் இயந்திரக் கூலியும் மிச்சம். களத்தின் ஓரத்தில் இன்னொரு சாக்கு இருந்தது. அதைத் தொட்டபோது, "அது விதைக்கு. மருந்து கலந்திருக்கு, அதிலே கை வைக்காதீங்க" என்று அவரே தடுத்தார். மிஞ்சிய விதைக்கடலையை மலிவாக யாராவது கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள் என்று இதைப் படிப்பவர்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

காயாக வாங்கினோம், பருப்பாக அல்ல. ஓட்டை விட நல்ல டப்பா இன்னும் யாரும் செய்யவில்லை. நாற்பது கிலோ காயை உரித்தால் இருபத்தெட்டுக் கிலோ சுமாருக்குப் பருப்பு தேறும். நாளைக்கு நூற்றைம்பது கிராம் என்றால் ஆறு மாதத்துக்குச் சரியாகப் போய்விடுகிறது. ஆகவே போகத்துக்கு ஒரு மூட்டை. ஐப்பசிப் போகத்தில் வாங்குவதானால் வெயில் கண்ட பிறகு காய்ந்த சரக்காகப் பார்த்து வாங்குவது.

அந்தச் சித்திரையில் மொட்டை மாடியில் ஐந்து நாள் காயவைத்தோம். காதருகில் வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஓடவேண்டும். சத்தமில்லாவிட்டால் இன்னும் ஈரம். அண்ணன் ஒவ்வொரு கைப்பிடியாக எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். ஓட்டை விழுந்த காய், கறுத்த காய், நசுங்கியது, எல்லாவற்றையும் இருவருமாகப் பொறுக்கித் தள்ளினோம். இந்தத் தடவை அவர் கை நடுங்கவில்லை. வெயில் சூடு ஆறுவதற்கு முன்னால் மூட்டை கட்டக்கூடாது. கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். ராத்திரி ஆறவிட்டு, விடியற்காலையில் பனி படுவதற்கு முன்னால் கோணிச் சாக்கில் கட்டி, பலகை மேல், சுவரை ஒட்டாமல் வைத்தோம். பிளாஸ்டிக் டிரம்முக்கு விடுதலை. அது இப்போது தண்ணீர் பிடிக்க உதவுகிறது. எலிக்கு மட்டும் பரிகாரம் கிடைக்கவில்லை. பால்காரம்மா வீட்டுப் பூனை வந்து போகிறது. அவள் கோபம் பூனைக்கு இல்லை.

வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அண்ணன் கையால் உரிக்கிறார். உரித்த பருப்பு ஒரு எவர்சில்வர் டப்பாவில் பிரிஜ்ஜுக்குள் போகிறது. எண்ணெய்ச் சத்து பாதி உள்ள சரக்கு அல்லவா? வெளியே சூட்டிலும் வெளிச்சத்திலும் கிடந்தால் சிக்கு வாடை எடுத்துவிடும். முதல் நாள் டப்பாவை உள்ளே வைக்கும்போது, ஊறுகாய்ப் பாட்டிலை நகர்த்த வேண்டியிருந்தது. நான் தொடவில்லை. அவரே எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டு, டப்பாவைக் கீழே வைத்தார்.

தேங்காய்ச் சமாசாரம் சுருக்கமானது. குடுமியைப் பிய்க்காமல் வாங்கினால் கண்கள் மூடியிருக்கும். அதிக நாள் தாங்கும். உரிக்காத மட்டைத் தேங்காய் அதைவிடவும் தாங்கும். அண்ணி இதையெல்லாம் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அப்போது நான் காதில் வாங்கியதில்லை.

இப்படியே இரண்டு போகம் ஓடிற்று. அண்ணன் உடம்பு பெருக்கவில்லை. ஆனால் கழுத்தெலும்பு கொஞ்சம் உள்ளே போயிற்று. மூட்டைக்கு உண்டான பணத்தை, வண்டிச் சத்தம் உள்பட, சில்லறை பாக்கியில்லாமல் எண்ணிக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டியிருக்கிறது.

போன பங்குனியில் ஒருநாள் போன் வந்தது. மூட்டை விஷயமாக நானே பேச இருந்தேன்.

"தம்பி, இந்த வாட்டி அரை மூட்டை போதும்" என்றார்.

"ஏன் அண்ணே, ஒத்துக்கலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. அரை மூட்டை போதும்." சிறிது நேரம் மௌனம். "வீட்டிலே இருக்காளா? கொஞ்சம் போனைக் கொடு."

மனைவியிடம் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "ஒரு டம்ளர்தானே மாமா? பழைய அரிசியா, புது அரிசியா? அதைப் பொறுத்துத்தான் தண்ணி" என்றாள்.

அந்தப் பக்கத்தில் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு அண்ணன் சொன்னது எனக்கும் கேட்டது.

"தெரியலையேம்மா. இரு, எடுத்துப் பார்க்கிறேன்."